ஆடியில் பார்த்த வீடு, ஆவணியில் பூட்டியிருந்த கதவு: ஒரு நிகழ்வு ஆய்வு

குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் களப்பணியாளராக இருக்கிறேன். செட்டிநாட்டில் நான் கையாண்ட ஒரு வழக்கை இங்கே எழுதுகிறேன். ஒரு குழந்தைக்கு இருக்கும் ஆபத்தை மதிப்பிட்டதில் நான் தவறினேன். எந்த இடத்தில் தவறினேன் என்பது இதே வேலையைச் செய்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவு குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. அதனால் ஊர், பள்ளி, ஆட்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

குடும்பமும் வீடும்

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் போய்ச்சேரும் ஊர். தெருவுக்குத் தெரு பெரிய வீடுகள். முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். சொந்தக்காரர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படையல்), திருவிழா என்றால் வருவார்கள், நாலு நாள் வீடு விளக்கெரியும், அப்புறம் மறுபடி பூட்டு. வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு குடும்பத்தைப் பின்கட்டில் குடிவைத்திருப்பார்கள்.

இது அப்படி ஒரு குடும்பம். அப்பா அந்த வீட்டுக் காவலாள். அம்மா கல்யாணப் பலகாரம் போடும் ஒரு சமையல்கூடத்தில் வேலை பார்த்தார். தேன்குழல், மணகோலம், சீப்புச்சீடை, அதிரசம் என்று முகூர்த்த நாட்களில் ஆர்டர் குவியும். பெண் குழந்தைக்கு ஒன்பது வயது, ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு. பையனுக்கு நான்கு வயது, அங்கன்வாடிக்குப் போகிறவன்.

முதல் தகவல்

2024-இல் ஆடி பிறந்த முதல் வாரம், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஓர் ஆசிரியை பேசினார். மூன்று விஷயங்கள் சொன்னார். பெண் குழந்தை வாரத்தில் இரண்டு நாளாவது வகுப்பில் தூங்கிவிடுகிறாள். காலை உணவுத் திட்டத்தில் கொடுக்கும் பொங்கலில் பாதியைச் சாப்பிடாமல் டப்பாவில் எடுத்துவைக்கிறாள். இடது முன்கையின் உள்பக்கம் ஒரு தீக்காயத் தழும்பு இருக்கிறது, கேட்டால் பதில் சொல்வதில்லை.

நானும் இன்னொரு களப்பணியாளரும் மறுநாளே போனோம். காலை பதினொரு மணி.

ஆடி மாதம் பார்த்தது

பின்கட்டு கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. பானையில் சோறு, ரசம், ஒரு கூட்டு. தடுப்பூசி அட்டையில் ஒன்றும் விடுபடவில்லை. அங்கன்வாடி பதிவேட்டில் பையனின் எடை வயதுக்கு ஏற்ப இருந்தது. அம்மா வீட்டில்தான் இருந்தார், பையன் அவர் மடியை விட்டு இறங்கவில்லை. அப்பா இரவு முழுக்கக் காவல் என்பதால் பட்டாலையில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

தீக்காயத்தைப் பற்றிக் கேட்டதற்கு அம்மா, "பலகாரம் சுடுறப்ப எண்ணெய் தெறிச்சிருச்சுக்கா, கிட்ட வந்து நின்னுட்டா" என்றார். நான் குறித்துக்கொண்டேன். எண்ணெய் தெறித்தால் புள்ளி புள்ளியாக, ஒழுங்கில்லாமல் இருக்கும். அந்தக் கையில் இருந்தது ஒரே கோடு, என் சுண்டுவிரல் நீளம், லேசாக வளைந்தது. அந்தத் தழும்பை இப்போது நினைத்தாலும் கண்ணில் தெரிகிறது. அன்றைக்கும் நன்றாகத்தான் பார்த்தேன். ஆனால் காரணம் கேட்டாயிற்று, காரணம் சொல்லியாயிற்று என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

மறுநாள் பள்ளியில் குழந்தையைத் தனியாக வைத்துப் பேசினேன். வேப்பமரத்தடியில், முக்கால் மணி நேரம். தவறான தொடுதல் பற்றியும் அவளுக்குப் புரியும்படி கேட்டேன். அப்படி எதுவும் இல்லை என்பது பேச்சிலேயே தெரிந்தது. பொங்கல் யாருக்கு என்றேன். தம்பிக்கு என்றாள். வீட்டில் பயமாக இருக்குமா என்று கேட்டபோது அவள் சொன்னது இது: "ராத்திரியானா அப்பா வெளிய பூட்டிட்டுத்தான் போவாரு. அப்பத்தான் களவாணி வரமாட்டான்."

இதை எங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் 'குடும்பத்தின் பலங்கள்' என்ற பகுதியில் எழுதினேன். 'தந்தை குழந்தைகளின் பாதுகாப்பில் அக்கறை உள்ளவர்' என்று. என் கையெழுத்து.

'அக்கம்பக்கத்து ஆதரவு' என்ற இடத்தில் 'உண்டு' என்று குறித்தோம். இரண்டு பக்கமும் வீடுகள் இருந்தனவே. அந்த இரண்டு வீடுகளும் சித்திரைத் திருவிழாவுக்குப் பிறகு திறக்கப்படவே இல்லை என்பதை நாங்கள் விசாரிக்கவில்லை.

முடிவு: ஆபத்து குறைவு. அம்மாவுக்கு அறிவுரை, ஆசிரியையிடம் கவனிக்கச் சொல்லுதல், முப்பது நாள் கழித்து மறுபார்வை. இருபத்தெட்டாம் நாள் அந்த மறுபார்வையையும் செய்தோம். அதுவும் காலை பதினொரு மணிதான், அதுவும் ஆடி மாதம்தான். அம்மா வீட்டில் இருந்தார். எல்லாம் சரியாக இருந்தது.

ஆடியில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் பலகார ஆர்டர் இல்லை, ஆர்டர் இல்லையென்றால் அம்மாவுக்கு வேலை இல்லை. செட்டிநாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாத விஷயம் இல்லை. அந்த வீட்டை வருஷத்தின் மிகப் பத்திரமான மாதத்தில், நாளின் மிகப் பத்திரமான நேரத்தில் இரண்டு தடவை பார்த்துவிட்டு, பத்திரமாக இருக்கிறது என்று எழுதினேன்.

ஆவணி: நடந்தது

ஆவணி இரண்டாவது வாரம், தொடர்ந்து முகூர்த்தங்கள். ஒரு நாள் சாயங்காலம் ஆறரை மணி வாக்கில் பின்தெருவில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் அம்மாவுக்குக் குழந்தை அலறும் சத்தம் கேட்டது. முதலில் எங்கிருந்து வருகிறது என்றே அவருக்குப் பிடிபடவில்லை. அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர், அவ்வளவு கனம். பின்வாசலில் வெளியே பூட்டு தொங்கியது. அவர் ஓடிப்போய் இரண்டு பேரைக் கூட்டிவந்து, கடப்பாரையால் நாதாங்கியைப் பெயர்த்துத் திறப்பதற்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பெண் குழந்தை தம்பிக்குச் சோறு வடித்திருக்கிறாள். பானை சரிந்து கொதிகஞ்சி பையனின் தொடையிலும் பாதத்திலும் கொட்டியிருக்கிறது. கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறாள், யாரும் வரவில்லை. அப்புறம் தம்பியை முற்றத்துக்கு இழுத்துப் போய், தொட்டித் தண்ணீரைச் சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறாள். கதவு திறந்தபோதும் ஊற்றிக்கொண்டுதான் இருந்தாள். உடனே தண்ணீர் ஊற்றியதால்தான் காயம் இன்னும் ஆழமாகப் போகவில்லை என்று அரசு மருத்துவமனை மருத்துவர் சொன்னார். எங்கே கற்றுக்கொண்டாய் என்று பிறகு கேட்டேன். "எனக்குச் சுட்டப்ப நானே ஊத்தினேன், எரிச்சல் கொறஞ்சுச்சு" என்றாள்.

முன்கையில் பார்த்த கோடு பானையின் விளிம்பு பட்டது. அவளுக்கு அது நடந்தபோதும் வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லை.

மறுமதிப்பீடு

மருத்துவமனை வழக்கப்படி காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுத்தது, 1098-க்கும் போன் வந்தது. பையன் ஒன்பது நாள் வார்டில் இருந்தான். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளைப் பற்றி முடிவெடுக்கும் சட்டப்பூர்வ அமைப்பு குழந்தைகள் நலக் குழு. பெண் குழந்தையை மறுநாளே அதன் முன் நிறுத்தினோம். சட்டப்படி 24 மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டும். குழு அவளை அம்மாச்சி வீட்டில் தற்காலிகமாக விட்டுவிட்டு, சமூக விசாரணை அறிக்கையை 15 நாளில் கேட்டது.

இந்தத் தடவை வேறு மாதிரி செய்தோம். வீட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு நாளைப் பார்த்தோம். முகூர்த்தம் உள்ள ஒரு சாதாரண நாள், விடிவதிலிருந்து மறுநாள் விடிவது வரை, யார் எங்கே இருந்தார்கள் என்று அம்மாவிடமும் பெண்ணிடமும் அப்பாவிடமும் தனித்தனியாகக் கேட்டு ஒரே தாளில் எழுதினேன். விடியற்காலை நாலரைக்கு அம்மா கிளம்புகிறார். அப்பா காவல் முடிந்து தூங்கப் போகிறார். பெண் எழுந்து தம்பிக்கு முகம் கழுவி, கஞ்சி வைத்து, அங்கன்வாடி திறக்கும்வரை காத்திருந்து அவனை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போகிறாள். அதனால் பள்ளிக்குத் தாமதமாகிவிடுகிறது. சாயங்காலம் தம்பியைக் கூட்டிவருகிறாள். ஆறு மணிக்கு அப்பா டாஸ்மாக் போகிறார், போகும்போது பூட்டுகிறார். அம்மா வருவது எட்டு, எட்டரை. ஒரு நாளில் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்த வீட்டின் பெரிய மனுஷி ஒன்பது வயதுப் பிள்ளை.

இதைத் தெரிந்துகொள்ள பெரிய படிப்பு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு தாளும் ஒரு மணி நேரமும் போதுமாக இருந்தது.

அப்பாவோடு முதல்முறையாக உட்கார்ந்து பேசினேன். பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் தூண், பழைய பாத்திரம் எல்லாம் திருட்டுப் போயிருந்தது. தன் காவலில் உள்ள வீட்டில் அப்படி ஏதாவது நடந்தால் வேலை மட்டுமில்லை, இருக்க இடமும் போய்விடும் என்ற பயம் அவருக்கு. பிள்ளைகள் தெரியாமல் கதவைத் திறந்துவிடுவார்கள் என்று பூட்டினார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். அவர் குடிப்பதும் உண்மை, போதையில் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்ததும் உண்மை.

அம்மா எண்ணெய் என்று சொன்னது ஏன்? "ஆபீஸ்லேர்ந்து வந்தா பிள்ளையப் பிடிச்சிட்டுப் போயிருவாகன்னு எல்லாரும் சொன்னாக. அதான் மறைச்சேன்" என்றார். நாங்கள் வந்ததும் முதல் வேலையாக, எதற்கு வந்திருக்கிறோம், எங்களால் என்ன செய்ய முடியும், என்ன செய்ய முடியாது என்று சொல்லியிருந்தால் அவர் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பார். நாங்கள் நோட்டைத் திறந்து கேள்வி கேட்கத்தான் ஆரம்பித்தோம்.

பெண் குழந்தையிடம் மூன்று வீடுகள் வரையச் சொன்னேன். நியூசிலாந்தில் உருவான எளிய முறை அது. ஒரு வீட்டில் கவலைகள், ஒரு வீட்டில் நல்ல விஷயங்கள், ஒரு வீட்டில் ஆசைகள். ஆசை வீட்டில் அவள் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் வரைந்தாள். பூட்டில்லாத கதவு கேட்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன். இது எந்தப் பக்கம் என்று கேட்டேன். "உள்பக்கம்" என்றாள். எதற்கு? கொஞ்ச நேரம் கலர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். "அப்பா குடிச்சிட்டு வந்து அம்மாவ அடிப்பாரு. அப்ப நாங்க உள்ள போய்ப் போட்டுக்குவோம்."

இரண்டு பார்வையிலும் இது எங்களுக்குத் தெரியாது. வெளிப்பூட்டை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்றுதான் அந்த நிமிஷம் வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

முடிவெடுத்த விதம்

எங்களுக்குள் ஒரே கருத்து இல்லை. என்னோடு வந்த களப்பணியாளர், இரண்டு பேரையும் குழந்தைகள் இல்லத்தில் சேர்ப்பதே பத்திரம் என்றார். தகப்பன் குடிகாரர், அடிக்கிறார், தாய் வீட்டில் இல்லை, எங்களிடம் உண்மையை மறைத்தவர். ஒரு தடவை குறைத்து மதிப்பிட்டுவிட்டோம், இன்னொரு தடவை அப்படிச் செய்ய முடியாது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்குள் எங்கள் சொந்தப் பயமும் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் தவறுக்குப் பரிகாரமாக இரண்டாம் முடிவைக் கடுமையாக்குவது இந்த வேலையில் அடிக்கடி நடக்கிறது. அப்போது நாம் குழந்தையின் ஆபத்தை அளப்பதில்லை, நம்முடைய ஆபத்தை அளக்கிறோம்.

இப்போதைய ஆபத்தையும் இனி வரக்கூடிய ஆபத்தையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தோம். இப்போதைய ஆபத்து மூன்று: பூட்டு, அடுப்பு, இரவில் அப்பா. பிள்ளைகள் அம்மாவோடு அம்மாச்சி வீட்டில் இருந்தால் மூன்றும் அன்றைக்கே நிற்கும். இனி வரக்கூடியது அப்பாவின் குடி, அம்மாவின் வேலை நேரம், பணமுடை. இவை ஒரு நாளில் தீராது, ஆனால் பக்கத்தில் பெரியவர்கள் இருந்தால் கவனிக்க முடியும். இல்லத்தில் சேர்த்தால் அநேகமாக அக்காவும் தம்பியும் வேறு வேறு இடத்துக்குப் போவார்கள். அந்தப் பையனுக்கு நான்கு வருஷமாக முகம் கழுவிவிட்டவள் அவள். சட்டமும் இல்லத்தைக் கடைசி வழியாகத்தான் சொல்கிறது.

அம்மாச்சி வீட்டுத் திண்ணையில் ஒரு கூட்டம் போட்டோம். அம்மா, அம்மாச்சி, தாய்மாமன், அங்கன்வாடிப் பணியாளர், ஊராட்சியின் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவிலிருந்து ஒருவர். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1990-களில் உருவான முறையில் மூன்று கேள்விகள்: எதை நினைத்துக் கவலைப்படுகிறோம், எது நன்றாக நடக்கிறது, இனி என்ன நடக்க வேண்டும். பிறகு, பிள்ளைகள் எவ்வளவு பத்திரம் என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொன்னோம். தாய்மாமன் ஏழு என்றார். நான் நான்கு. அம்மா மூன்று என்றார். அந்த வீட்டுக்குள் ராத்திரி இருந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் மூன்று என்பதையே அடிப்படையாக வைத்து, ஐந்துக்கு வர என்ன வேண்டும் என்று பேசினோம்.

பாதுகாப்புத் திட்டத்தில் ஆள் பெயரும் நேரமும் இல்லாத ஒரு வரிகூட இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். 'குடும்பத்தார் பார்த்துக்கொள்வார்கள்' என்று எழுதவில்லை. நாலரையிலிருந்து எட்டரை வரை காலையில் அம்மாச்சி. பள்ளிக்கு டி.வி.எஸ் 50-இல் மாமன். அடுப்பைப் பிள்ளை தொடக் கூடாது. அப்பா ஞாயிற்றுக்கிழமை பகலில், குடிக்காமல், அம்மாச்சி இருக்கும்போது வரலாம். குடித்திருந்தால் மாமன் திருப்பி அனுப்புவார். அனுப்ப முடியாவிட்டால் யாருக்குப் போன் செய்வது என்று எண் எழுதிச் சுவரில் ஒட்டினோம். உள்பக்கத் தாழ்ப்பாளும் போட்டோம். பெண் குழந்தைக்குக் கை எட்டும் உயரத்தில்.

குழந்தைகள் நலக் குழு இந்தத் திட்டத்தை ஏற்று, பிள்ளைகளை அம்மாவிடம் மேற்பார்வையோடு ஒப்படைத்தது. அப்பா மீது இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் (குழந்தையைக் கொடுமைப்படுத்துதல்) வழக்கு வேண்டுமா என்ற பேச்சு வந்தது. காவல்துறை விசாரித்து எச்சரித்தது, குழு அவரைக் குடிநோய் சிகிச்சைக்கு அனுப்பியது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம் என்று அம்மாவிடம் சொன்னோம். இப்போது வேண்டாம் என்றார். வழியைச் சொல்லிவைத்தோம், வற்புறுத்தவில்லை.

அதன் பின்

சென்னையில் இருந்த வீட்டுக்கார ஆச்சிக்கு முதலில் கோபம். தன் வீட்டில் இப்படி நடந்துவிட்டதே, ஊர் என்ன சொல்லும் என்று. பிறகு பையனின் மருந்துச் செலவுக்குக் கணக்கப்பிள்ளை மூலம் பணம் அனுப்பினார். காவலுக்கு வேறு ஆள் வைத்துவிட்டார். குடும்பத்துக்கு இருக்க இடமும் அப்பாவுக்குச் சம்பளமும் போயின. பாதுகாப்புக்கு இந்த விலையைக் கொடுத்தது அந்தக் குடும்பம்தான்.

மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவுக்கு, மாதம் குழந்தைக்கு 4,000 ரூபாய், விண்ணப்பித்தோம். ஒப்புதல் வந்து பணம் ஏற ஐந்து மாதம் ஆனது. அதற்குள் அம்மா மகளிர் குழுவில் ஒரு கடன், வெளியில் ஒரு கடன் வாங்கியிருந்தார். பலகாரச் சமையல்கூடத்தில் பேசி அவருடைய நேரத்தை எட்டு மணிக்கு மாற்றினோம், கூலியும் குறைந்தது.

அப்பா சிகிச்சையில் இரண்டு வாரம் இருந்தார். தீபாவளிக்கு மறுபடி குடித்துவிட்டு அம்மாச்சி வீட்டு வாசலில் நின்றார். மாமன் போன் செய்தார், நாங்கள் போய்ச் சேர முக்கால் மணி நேரம். அதற்குள் அவரே போய்விட்டார். அன்று பெண் குழந்தை தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வெளியே நடப்பது தம்பிக்குக் கேட்காதபடி பாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்று அம்மாச்சி சொன்னார். தைக்கு அப்புறம் அப்பா ஒரு சிமெண்ட் கல் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் தெளிவாகத்தான் வருகிறார்.

பதினோராவது மாதம் கண்காணிப்பை முடித்தோம். பெண் குழந்தை வகுப்பில் தூங்குவதில்லை. பொங்கலை முழுதாகச் சாப்பிடுகிறாள். தம்பி அழுதால் இப்போதும் அவள்தான் முதலில் எழுந்து ஓடுகிறாள். நீ உட்கார் என்று அம்மாச்சி சொன்னால் உட்காருவதற்குச் சிரமப்படுகிறாள். பையனின் தொடைத் தழும்பு இழுத்துக்கொள்ளாமல் இருக்க எண்ணெய் தேய்க்கிறார்கள்.

இப்போது மாற்றியிருப்பவை

முதல் பார்வை எப்போது நடந்தாலும், இரண்டாவது பார்வை வேறு நேரத்தில் நடக்க வேண்டும் என்று எங்களுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறோம். இரண்டில் ஒன்றாவது விடியற்காலையிலோ விளக்கு வைத்த பிறகோ இருக்க வேண்டும். பெற்றோரின் வேலை எந்த மாதத்தில் கூடும், எந்த மாதத்தில் குறையும் என்று கேட்டு, கூடும் மாதத்தில் மறுபார்வை வைக்கிறோம். பலகாரத்துக்கு ஆவணியும் தையும் என்றால், அறுவடைக்கும் செங்கல் சூளைக்கும் வேறு மாதம்.

தீக்காயம், எலும்பு முறிவு எதுவானாலும் சொல்லும் காரணமும் காயத்தின் வடிவமும் பொருந்துகிறதா என்று மருத்துவரிடம் காட்டாமல் படிவத்தை மூடுவதில்லை. குழந்தை சொன்னதைச் சொன்ன சொல்லிலேயே எழுதுகிறோம், அதன் பொருள் என்னவென்று நாங்கள் நினைப்பதைக் கீழே தனியாக. 'அப்பா வெளிய பூட்டிட்டுப் போவாரு' என்ற வாக்கியம் அப்படியே தாளில் இருந்திருந்தால், கையெழுத்துப் போடும் இன்னொருவர் கண்ணிலாவது பட்டிருக்கும். லண்டனில் 2000-இல் எட்டு வயதில் கொல்லப்பட்ட விக்டோரியா கிளிம்பியே வழக்கை விசாரித்த லேமிங் பிரபு 2003-இல் அறிக்கை கொடுத்தார். மருத்துவமனை, காவல்துறை, சமூகப் பணித்துறை எல்லாம் அந்தக் குழந்தையைப் பார்த்திருந்தன, இருந்தும் காப்பாற்றவில்லை. பயிற்சியில் அதைப் படித்தபோது இங்கே அப்படி நடக்காது என்று நினைத்தவள் நான்.

தூங்குகிற அப்பாவை எழுப்புகிறோம், அல்லது அவர் எழும் நேரத்துக்கு மறுபடி போகிறோம். அக்கம்பக்கம் உண்டா என்ற கேள்விக்கு, கத்தினால் வரக்கூடிய ஒருவரின் பெயரைக் கேட்கிறோம்.

ஒன்று இன்னும் அப்படியே இருக்கிறது. பலகாரம் போடும் பெண்கள் நாலரை மணிக்குக் கிளம்புகிறார்கள், அங்கன்வாடி அதற்கு எவ்வளவோ நேரம் கழித்துத்தான் திறக்கிறது. சாயங்காலமும் அதே கதைதான். இந்தப் பக்கத்தில் மட்டும் இதே நிலையில் இன்னும் ஆறு வீடுகளை இந்த ஆவணிக்கு முன் கணக்கெடுத்திருக்கிறோம். முகூர்த்த நாட்களுக்கு மட்டுமாவது சமையல்கூடத்திலேயே ஒரு பகுதியைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கி ஓர் ஆளை வைக்கும்படி இரண்டு உரிமையாளர்களிடம் கேட்டிருக்கிறோம். ஒருவர் சரி என்றிருக்கிறார்.